தலைக்கு மேலே விட்ட இடம்

தணிகைவேல் என்கிற ஆளை நேரில் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அவன் மேல் சந்தேகம் உண்டு. நேற்று இன்று வந்த சந்தேகம் இல்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நான் பெட்டிக்கடை வைத்திருந்த காலம் முழுக்க இருந்த சந்தேகம்.

கடை முகப்பில் கயிறு கட்டி, வாரப் பத்திரிகைகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவேன். அதில் பாதிக்கு அட்டைப்படம் போட்டவன் அவன்தான். கீழே ஓரத்தில் ‘தணி’ என்று எறும்பு அளவுக்கு ஒரு கையெழுத்து இருக்கும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். உள்ளே இருக்கும் கதையை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வாரத்துப் புத்தகம் வந்துவிடும். ஆனால் அட்டையைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் போடும் பெண்ணின் கண் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் நிற்கும். விழாது. விழுமா விழாதா என்று பார்ப்பதற்காகவே வாங்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் வந்து என்னிடம் சண்டைக்கு நிற்பார்கள்.

“யோவ் ஞானதாசு, அட்டையில அழுவுதே ஒரு பொண்ணு, அது உள்ள எந்தப் பக்கத்துல கீது? பொரட்டிப் பொரட்டிப் பாத்துட்டேன், இல்லியே?”

“நானா வரைஞ்சேன்? தணின்னு ஒருத்தன் கீறான், அவன போயி கேளு.”

உள்ளே அப்படி ஒரு பெண் இருக்கவே மாட்டாள். ராசிபலன் இருக்கும், மோர்க்குழம்பு வைப்பது எப்படி என்று இருக்கும். வெளியே ஒன்றைக் காட்டி உள்ளே வேறொன்றை விற்கிறவர்களுக்குப் படம் போட்டுக் கொடுப்பவனை எப்படி நம்புவது?

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். பெண்ணின் தலைக்கு மேலே கொஞ்சம் இடத்தைச் சும்மா விட்டிருப்பான். அங்கேதான் புத்தகத்தின் பெயர் வரும். அதற்குக் கீழே ஒரு வரி வரும். ‘ஓடிப்போனது ஏன்?’ ‘முதலிரவில் நடந்தது என்ன?’ என்கிற மாதிரி. முடிவில் கட்டாயம் ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி போட்டுவிட்டால் யாரும் கேஸ் போட முடியாது என்று புத்தகக் கட்டு கொண்டுவரும் ஏஜெண்ட் சொல்லியிருக்கிறான். முகம் ஒருத்தியுடையது. தலையெழுத்து எவனோ எழுதுவது.

பிறகு அட்டையில் போட்டோ வந்தது. தணியின் கையெழுத்து காணாமல் போனது. கொஞ்ச நாளில் புத்தகம் வாங்குகிறவர்களே காணாமல் போனார்கள். கயிற்றில் சிப்ஸ் பாக்கெட் தொங்கவிட்டேன். முட்டியில் வலி வந்ததும் கடையையே விட்டுவிட்டு, மானாம்பதி போகும் வழியில் இருக்கும் எங்கள் காலனி வீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஒரே மகள், ஏஞ்சல். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. காஞ்சிபுரத்தில் அவளைப் போன்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தங்கிப் பத்தாவது முடித்தாள். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கார்களுக்கு வயர் கட்டும் வேலை. அவள் பேசுவதெல்லாம் கையால்தான். என்னைவிட நன்றாகப் பேசுவாள். என்னைவிட அதிகமாகத் திட்டுவாள்.

போன வருஷம் மினி பஸ்ஸில் அரிசி மூட்டைக்குத் தனியாக லக்கேஜ் காசு கேட்ட கண்டக்டரோடு அவள் கையாலேயே சண்டை போட்டாள். நியாயமான சண்டை. எங்கள் ஊரில் செல்போன் கடை வைத்திருக்கும் வசந்த்குமார் அதைப் போனில் படம் பிடித்தான். அதோடு விட்டானா? ஒரு கீச்சுக் குரலை அவள் வாய்க்குப் போட்டு, அசிங்கமாக நாலு வார்த்தை அவள் பேசுகிற மாதிரி செய்து, ஊர் முழுக்க அனுப்பிவிட்டான். கம்பெனி பஸ்ஸில் அவள் ஏறியதும் பெண்கள் போனைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு அவள் காதில் விழவில்லை. கண்ணில் விழுந்தது. கொஞ்ச நாள் வேலைக்கே போகவில்லை. நான் போய் வசந்த்குமார் கடை ஷட்டரைக் கல்லால் அடித்தேன். போலீஸில் என் மேல்தான் புகார் ஆனது.

அன்றிலிருந்து என் வீட்டுப் பக்கம் எவன் போனைத் தூக்கினாலும் நான் கல்லைத் தூக்குவேன். ஒரு கூட்டம் கூடி என் மகளைப் பார்த்து இன்னொரு தரம் சிரிக்கக் கூடாது. எனக்கு வேறு கவலை கிடையாது.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. காதில் பென்சில் செருகிய ஒரு நரைத்த ஆளும், தோளில் பெரிய பை மாட்டிய ஒரு பெண்ணும் இறங்கினார்கள்.

“வணக்கம் ஐயா. நாங்க ஒரு ஊமைப்படம் எடுக்கலாம்னு வந்திருக்கோம். உங்க பொண்ணைப் பத்தி அவங்க படிச்ச ஸ்கூல்ல சொன்னாங்க” என்றான் அந்த ஆள்.

ஊமைப்படம். அந்த வார்த்தைக்காக இந்தக் காலனியில் நான் சண்டை போடாத வீடு இல்லை.

“இன்னாது? ஊமைய படம் புடிக்க வந்தியா? எம் பொண்ண ஊமைன்னு எவன்டா சொன்னது? பாக்கியம், மம்முட்டி எங்க?”

“ஐயா, ஐயா! பொண்ணைச் சொல்லல. படம்தான் ஊமை!”

“படம் எப்டிய்யா ஊமையாவும்? படத்துக்கு வாய் கீதா?”

என் பெண்டாட்டி பாக்கியமேரி மண்வெட்டியை எடுத்துத் தரவில்லை. “கம்முனு இருய்யா. அந்தக் காலத்துல பேச்சே இல்லாம சினிமா காட்டுவாங்களாமே, எங்க தாத்தா சொல்லும். கைய ஆட்டுவாங்க, கால ஆட்டுவாங்க, சத்தம் வராது. அதத்தான் சொல்றாரு” என்றாள்.

“அதான் சத்தம் வந்து எவ்ளோ காலம் ஆச்சி? திரும்ப இன்னாத்துக்கு வாயைக் கட்டுறான்?”

பையோடு வந்த பெண் முன்னால் வந்தாள். ஸ்ரீலேகா என்று பெயர் சொன்னாள். அந்த ஆள் அவளுக்குத் தாய்மாமனாம், கேமரா இவள்தானாம். “பேசற படத்துல உங்க பொண்ணை யாரும் சேத்துக்க மாட்டாங்க பெரியவரே. பேசாத படத்துல எல்லாருமே உங்க பொண்ணு மாதிரிதான். அதுலயும் அவங்க அளவுக்குக் கையால பேச வேற ஆள் எங்களுக்குக் கெடைக்கல.”

நன்றாகத்தான் பேசினாள். நன்றாகப் பேசுகிறவர்களை எனக்கு ஆகாது.

“உம் பேர் இன்னா?” என்று அந்த ஆளைக் கேட்டேன்.

“தணிகைவேல். பத்திரிகைகளுக்கு அட்டைப்படம் போட்டுக்கிட்டு இருந்தேன். தணின்னு…”

“நீதானா அவன்! உன்னால எத்தினி பேரு என்ன அடிக்க வந்தானுங்கோ, தெரியுமா?”

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். கேட்காமலேயே வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். அவன் கதையையும் சொன்னான். முப்பது வருஷம் கையால் வரைந்தான். போட்டோ வந்ததும், போட்டோவுக்குப் பின்னால் வானமும் பூவும் போடச் சொன்னார்கள். போட்டான். அப்புறம் கம்ப்யூட்டரே வானத்தையும் போட்டுவிட்டது. இவனைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

“அதுக்கு சினிமாவா எடுப்பாங்க? வேற வேல கெடைக்கலியா?”

“ஒரே ஒரு படத்துல ஒரு கதையைச் சொல்லணும், பேச்சு கெடையாது. அட்டைக்காரன் வேலை அதான் ஐயா. அந்த ஒரு படத்தை நகர விட்டா என்னன்னு தோணுச்சு.”

முதலில் எடுத்தது, காஞ்சிபுரத்தில் அவன் தெருவில் ஒரு ஆட்டுக்குட்டி வீடு வீடாக நுழைந்து விரட்டப்படுகிற கதையாம். அதற்கப்புறம் இன்னும் சில. வெளிநாட்டில் எங்கேயோ காட்டினார்களாம். நம் பக்கம் எவனும் பார்த்ததில்லை. எவனும் பார்க்காத படத்தை ஒருத்தன் ஏன் எடுத்துக்கொண்டே இருக்கிறான்? இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

ஏஞ்சல் இதுவரை ஸ்ரீலேகாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது என் பக்கம் திரும்பிக் கையசைத்தாள். நான் நடிக்கிறேன், சொல்லு.

“முடியாதுன்னு சொல்லுது” என்றேன்.

ஸ்ரீலேகா வாயைக் கோணினாள். “பெரியவரே, நான் அவங்க ஸ்கூலுக்குப் போய் சைகை கத்துக்கிட்டு இருக்கேன்.”

“மாட்டிக்கினியா?” என்றாள் பாக்கியமேரி. “பொண்ணுக்கு வாயா இருன்னா, உன் வாய அதுக்கு வெக்கிற. உனுக்கும் அந்த வசந்த்குமாருக்கும் இன்னா வித்தியாசம்?”

மகள் என்னைப் பார்த்த பார்வையில் அதற்கு மேல் நான் மறுக்க முடியவில்லை. ஆனால் சும்மா விடவும் இல்லை.

“ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. படத்துல குரல் போடக் கூடாது. எழுத்தும் போடக் கூடாது, ஒரு எழுத்து கூட. எடுக்குறப்ப நான் கூடவே இருப்பேன். முடிஞ்சதும் வேற எங்கயும் காட்டாம மொதல்ல இங்கதான் காட்டணும்.”

“சரி ஐயா. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?”

“எய்த்தே வேணாங்கிறேன், எய்தித் தரேங்கிற.”

ஏஞ்சலுக்கு விடுமுறை ஞாயிறுதான். அதனால் ஞாயிறுதோறும் எடுத்தார்கள். ஒரு பழைய மினி பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து, திருமுக்கூடல் பக்கம் ஆற்றை ஒட்டிய ரோட்டில் ஓட்டிக்கொண்டு போவார்கள். கண்டக்டராக நடித்தவன் கூத்து ஆடுகிற ஆள். மற்றவர்கள் எல்லாம் அந்தந்த ஊர்க்காரர்கள். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மர நிழலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தணிகைவேல் வேலை செய்யும் விதமே எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் ஒரு காகிதத்தில் பென்சிலால் வரைவான். அப்புறம் எல்லாரையும் அந்தப் படம் மாதிரியே நிற்க வைப்பான். புடவைத் தலைப்பு எந்தப் பக்கம் பறக்க வேண்டும் என்றுகூடக் காகிதத்தில் இருக்கும். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் காற்று மாறும் வரை காத்திருப்பான். ஏஞ்சலின் கண்ணில் ஒரு சொட்டு நீர் வேண்டும் என்றான், பழைய புத்தி. அவள் கையை வீசிச் சொன்னாள். லக்கேஜ் கேட்டால் எவளாவது அழுவாளா? கோபம்தான் வரும். ஸ்ரீலேகா அதைச் சொன்னதும் காகிதத்தில் கண்ணை அழித்து மறுபடி வரைந்தான்.

ஒரு நாள் ஸ்ரீலேகா கேமராவுக்குள் பார்த்துக்கொண்டே சலித்துக்கொண்டாள்.

“மாமா, அவங்க தலைக்கு மேல இவ்ளோ காலி எதுக்கு? எல்லாத்துலயும் இப்படியே விடறீங்க.”

“கை பழகிடுச்சு ஸ்ரீ. இருந்துட்டுப் போவட்டும்.”

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் காலி இடம் எதற்கு என்று இவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். எத்தனையோ வருஷம் அந்த இடத்தைக் கயிற்றில் தொங்கவிட்டவன் நான். காலியாக விடுவது இப்போது. எழுதுவது அப்புறம்.

எடுக்கிற வரிசையும் கோளாறு. முடிவை முதலில் எடுத்தார்கள், நடுவில் இருப்பதைக் கடைசியில் எடுத்தார்கள். ஒரு நாள் அவள் பெரிய பூசணிக்காய் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள், அவ்வளவுதான். இன்னொரு நாள் படியில் நின்று கண்டக்டரோடு கையால் சண்டை. அதைப் பார்த்ததும் ஓடிப்போய் நடுவில் நின்றேன்.

“இது அந்தச் சண்டைதான? அந்த வீடியோவுல வந்தது? இன்னாய்யா, திரும்பவும் ஆரம்பிக்கிறியா?”

“நான் சொல்லல ஐயா. உங்க பொண்ணுதான் இந்தக் கதையே சொன்னாங்க.”

மகளைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டினாள். ஏன் என்று கேட்டேன். வசந்த்குமார் எடுத்தது சரியில்லை என்றாள். முகத்தை மட்டும் எடுத்திருக்கிறான், கை பாதிக்கு மேல் வெட்டுப்பட்டுவிட்டது, நான் என்ன சொன்னேன் என்று யாருக்குமே தெரியவில்லை என்றாள். நாற்காலிக்குத் திரும்பிப் போனேன்.

கடைசி ஞாயிறு எடுத்ததுதான் என்னைக் கலக்கிவிட்டது. பஸ்ஸுக்குள் ஜன்னல் ஓரம் ஏஞ்சல் உட்கார்ந்திருக்கிறாள். கேமராவும் உள்ளே. எனக்கு இடமில்லை என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். மகள் மடியில் துண்டால் சுற்றிய ஒரு குழந்தை. தட்டிக்கொடுக்கிறாள், உச்சி முகர்கிறாள். கண்டக்டர் குனிந்து கொஞ்சுகிறான். அவளுக்கு மேலே பஸ்ஸின் தகரச் சுவர் காலியாக இருக்கிறது.

கல்யாணம் ஆகாத பெண். கையில் குழந்தை. தலைக்கு மேலே காலி இடம். இந்த அட்டையை நான் விற்றிருக்கிறேன். ‘இந்தக் குழந்தைக்கு அப்பா யார்?’ அந்த வாரம் மதியத்துக்குள் கட்டு முழுவதும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். அது என்ன குழந்தை, யாருடையது? அவள் சிரித்து, படத்தில் பார் என்றாள். சொல்லக் கூடாதாம். சொல்லாதே என்று ஒருத்தன் சொல்லி வைத்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

மறுநாள் காலை காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். மாப்பிள்ளை பார்க்கும்போது அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம் இல்லையா, அதை நான் முன்பே செய்திருக்க வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருவில், வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

“தணிகைவேல்னு படம் போடுவாரே, ஆள் எப்டி?”

“எதுக்குக் கேக்குற? பொண்ணு கிண்ணு குடுக்கப் போறியா? அவருக்கு அறுவது ஆவுதுபா.”

“பொண்ணத்தான் குடுத்துட்டேன். அதான் விசாரிக்கிறேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “தோ, அந்தப் பச்சக் கதவு. அவர் தங்கச்சி ஜெயமணி வூடு. அங்க போயி கேளு, நல்லா சொல்லும்” என்றார்.

ஜெயமணி ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஸ்ரீலேகாவின் அம்மா. நான் யார் என்று சொன்னதும் சுற்றுவதை நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“எங்கண்ணன் உம் பொண்ண படம் எடுக்குதா? கையில கொழந்த கிழந்த குடுத்துதா?”

“ஆமாம்மா. குடுத்தாரு.”

இப்போது நிமிர்ந்தாள். “எனக்கு அப்ப கல்யாணம் பேசி வெச்சிருந்தாங்க. பக்கத்து வூட்டுக் கொழந்தைய தூக்கிக்கினு வாசல்ல நிக்கிறேன். அப்டியே நில்லு ஜெயான்னுது. நின்னேன். வரைஞ்சிது. அச்சு அசல் நானு, மூக்குத்தி மொதக்கொண்டு. புத்தகம் வந்துது. மேல இன்னா போட்டு வந்துது தெரியுமா?”

எனக்குத் தெரியும்.

“‘இந்தக் கொழந்தைக்கு அப்பா யாரு?’ அன்னிக்கு சாய்ங்காலமே மாப்ள வூட்டுக்காரங்க தட்டத் திருப்பிக் குடுத்துட்டாங்க.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“வரைஞ்சவன் வேற, எய்துனவன் வேறன்னுது. செரி, நெஜந்தான். வேலைய வுட்டுதா? வுடல. அப்பறமும் வருசக்கணக்கா அந்தப் புத்தகத்துக்கே வரைஞ்சிது. இப்ப பேச்சே இல்லாத படம் எடுக்குதாம். பாக்க வான்னுது. நான் போவல.”

“உங்க பொண்ணு அவருகூடத்தான கேமரா தூக்கிக்கினு சுத்துது?”

“நானா அனுப்புனேன்? அதுவா போச்சி. உம் பொண்ணு?”

“அதுவும் அதுவாத்தான் போச்சி.”

ஜெயமணி ராட்டையை நிறுத்தினாள். பிறகு எழுந்து போய் எனக்குக் காப்பி கொண்டுவந்தாள்.

அங்கிருந்தே தணிகைவேலுக்குப் போன் போட்டேன். காஞ்சிபுரத்திலேயே ஒரு மாடி அறையில், எடுத்த துண்டுகளை வரிசையாகச் சேர்த்துப் படத்தை ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். நேரே போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“எங்க, எம் பொண்ணு கொழந்தையோட கீறத காட்டு.”

“இன்னும் முடியல ஐயா. அரையும் குறையுமாப் பாத்தா தப்பாத் தெரியும்.”

“மேல இன்னா எய்தப் போற?”

“எதுவும் எழுத மாட்டேன்னு சொன்னேனே.”

“உன் தங்கச்சி படத்துல கூட நீ எய்தலியே.”

அவன் கை அப்படியே நின்றுவிட்டது. நாற்காலியை என் பக்கம் திருப்பினான். “அன்னிக்கு எழுத வேற ஆள் இருந்தாங்க. இன்னிக்கு யாரும் இல்ல ஐயா. வரையறது, எடுக்கறது, ஒட்டறது எல்லாம் நானும் ஸ்ரீயும்தான்.”

“அதான் எனக்கு இன்னும் பயமா கீது” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படம் காட்டுவதற்கு உத்திரமேரூரில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தைப் பிடித்தார்கள். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. எங்கள் காலனி ஜனம் மொத்தமும் வந்துவிட்டது. கம்பெனிப் பெண்களும் வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் வசந்த்குமார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“இவன இன்னாத்துக்கு கூப்ட்ட?” என்று மகளிடம் கேட்டேன்.

பார்க்கட்டும் என்றாள். புதுப்புடவை கட்டியிருந்தாள். முன்வரிசைக்குப் போய்விட்டாள்.

நான் பின்னால், மெஷின் பக்கத்தில், பிளக் பாயிண்ட்டுக்குக் கை எட்டுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு எழுத்து வந்தாலும் பிடுங்கிவிடுவது என்று முடிவு.

விளக்கை அணைத்தார்கள். படம் ஓட ஆரம்பித்தது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை, மண்டபத்து ஃபேன் சத்தம் மட்டும்தான். குரல் போடவில்லை, சரி. நான் திரையின் மேல்பாதியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலில் அங்கே வானம் இருந்தது. பிறகு பனைமரத்து உச்சி. பிறகு பஸ்ஸின் தகரம். எழுத்து வரவில்லை. வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவில்லை. எழுத்து கீழேயா வரும்?

யாரோ ஒருத்தர் சிரித்தார். கண்டக்டரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். அப்புறம் மண்டபமே சிரித்தது. கண்ணைக் கீழே இறக்கினேன். என் மகள் மடியில் அந்தக் குழந்தை. கண்டக்டர் குனிந்து முத்தம் கொடுக்கிறான். கம்பெனிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்கள். வசந்த்குமார் தொடையில் தட்டித் தட்டிச் சிரிக்கிறான்.

பிளக்கைப் பிடுங்கினேன்.

இருட்டு. யாரோ கதவைத் திறந்தார்கள். வெயில் உள்ளே வந்தது.

“எவன்டா சிரிச்சது?” என்று கத்தினேன். “கல்யாணம் ஆவாத பொண்ணு கையில கொழந்தைய குடுத்து ஊர் சிரிக்க வெக்கிறியா? எனக்கு அப்பவே தெரியும்டா! உன் தங்கச்சிக்கு இன்னா செஞ்சியோ, அத்தையே எம் பொண்ணுக்கும் செஞ்சிட்ட!”

தணிகைவேல் எழுந்து நின்றான். பாக்கியமேரிதான் நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“யோவ், இன்னாய்யா உளர்ற? அது பூசணிக்காய்யா!”

“எது?”

“அந்தக் கொழந்த! பூசணிக்காய்க்கு லக்கேஜ் குடுன்னு பஸ்ஸ வுட்டு எறக்கி வுட்டுட்டான். அது மறுக்கா துண்டுல சுத்தி, கொழந்த மாதிரி ஏந்திக்கினு அதே பஸ்ல ஏறுது. எறக்கி வுட்டவனே சீட்டு வாங்கிக் குடுத்து, பூசணிக்காய கொஞ்சிக்கினு கீறான். சிரிக்காம இன்னா செய்வாங்க? நீ எங்க பாத்துக்கினு இருந்த?”

“மேல.”

“மேல இன்னா கீது?”

“ஒண்ணும் இல்ல.”

மண்டபம் மறுபடியும் சிரித்தது. இந்தத் தரம் என்னைப் பார்த்துத்தான்.

ஏஞ்சல் வந்தாள். வெயில் விழுகிற இடத்தில், என் எதிரே நின்றாள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று கையைச் சுருக்கிக்கொள்ளவில்லை. இன்னும் அகலமாகவே வீசினாள். நான் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். யார் உன்னை நிறுத்தச் சொன்னது? எதற்காக நடித்தேன் என்று நினைத்தாய்? அழுகிற பெண் என்றால் உனக்குப் பரவாயில்லையா? கம்பெனிப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வசந்த்குமார் காலைக் கீழே இறக்கி வைத்தான். அவள் குனிந்து பிளக்கைத் தானே சொருகினாள். என் சட்டைக் கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“திரும்ப மொதல்லேர்ந்துதான் ஓடும். பரவால்லியா?” என்று தணிகைவேல் எல்லாரையும் பார்த்துக் கேட்டான்.

“ஓட்டுபா! பெரியவரு பூசணிக்காய பாக்கட்டும்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

விளக்கு அணைந்தது. ஏஞ்சல் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். திரைக்கு முதுகு, ஜனத்துக்கு முகம். சிரிப்பு அவளுக்குக் கேட்காது. பார்த்துத்தான் ஆக வேண்டும். திரை வெளிச்சத்தில் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவள் ஒன்றையும் விடாமல் பார்த்தாள்.

நான் இந்தத் தரம் கீழேயே பார்த்தேன். லக்கேஜ் கொடுக்க மாட்டேன் என்று கையால் மல்லுக்கு நிற்கிறாள், இரண்டு கையும் முழுசாகத் தெரிகின்றன. இறக்கிவிடப்படுகிறாள். ரோட்டோரம் நின்று யோசிக்கிறாள். தோளில் கிடக்கும் துண்டைப் பார்க்கிறாள், பூசணிக்காயைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். துண்டை எடுப்பதற்கு முன்பே மண்டபம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. முன்பே ஒரு தரம் பார்த்தவர்கள் அல்லவா. நான் திரும்பி வசந்த்குமாரைப் பார்த்தேன். மற்றவர்கள் எப்படிச் சிரித்தார்களோ அப்படித்தான் அவனும் சிரித்தான். அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியுமா என்று நன்றாகப் பார்த்தேன். முடியவில்லை.

திரும்பினால் ஏஞ்சல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மற்ற முகங்களை எல்லாம் முடித்துவிட்டாள். என்னுடையதுதான் பாக்கி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தியதில் வந்த படபடப்பே இன்னும் அடங்கவில்லை. அதற்காக அவளை ஏமாற்றம் அடைய விடலாமா? பல்லைக் காட்டினேன்.

என் முகத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பொய் என்றாள் கையால்.

இன்னொரு தரம் காட்டினேன், கொஞ்சம் அதிகமாகவே. அதையும் அவள் நம்பவில்லை.